எதிரிக்குக் கயிறு வீசிய கேப்டன்: 'தி எனிமி பிலோ' படத்தில் எவ்வளவு நிஜம்?

கேள்வி இதுதான். 1957-ல் வந்த 'தி எனிமி பிலோ' படத்தைச் சமீபத்தில் முதல்முறையாகப் பார்த்த ஒருவர் கேட்கிறார்: "இரண்டு கேப்டன்களும் படம் முழுக்க ஒருவரை ஒருவர் கொல்லப் பார்க்கிறார்கள். கடைசியில் அமெரிக்க கேப்டன் ஜெர்மன் கேப்டனுக்குக் கயிறு வீசிக் காப்பாற்றுகிறார். நிஜப் போரில் இப்படி நடந்திருக்குமா, இல்லை சினிமாவுக்காகச் சேர்த்ததா?"

முதலில் நேரடியான பதில். கயிறு வீசும் காட்சி சினிமாவுக்காகச் சேர்த்ததுதான். படத்துக்கு மூலமான நாவலில் அது கிடையாது. ஆனால் அதை வைத்து "அப்படியென்றால் எல்லாம் கற்பனை" என்று முடித்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரின் அட்லாண்டிக் கடலில் எதிரியைக் காப்பாற்றிய கேப்டன்கள் இருந்தார்கள், காப்பாற்றப் போய் முடியாமல் திரும்பியவர்கள் இருந்தார்கள், தண்ணீரில் மிதந்தவர்களைச் சுட்டவர்களும் இருந்தார்கள். படம் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அந்தத் தேர்வு எனக்குப் பிடிக்கும். அதே நேரம் படம் எதை மறைக்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் பதில் பாதியில் நின்றுவிடும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென் அட்லாண்டிக்கில் 'ஹேன்ஸ்' என்ற அமெரிக்கப் பாதுகாப்புப் போர்க்கப்பல் ரோந்து போகிறது. கேப்டன் மர்ரெல் புதிதாக வந்தவர், முன்பு சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். தன் கப்பல் டார்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டு) பட்டு மூழ்கியபோது, அதில் உடன் வந்த மனைவியைக் கண்ணெதிரே பறிகொடுத்தவர். காயம் ஆறாமல் அறையிலேயே இருப்பதால் மாலுமிகளுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. அந்த வேடத்தில் ராபர்ட் மிச்சம். எதிர்ப்பக்கம் ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டன் ஃபான் ஸ்டோல்பெர்க். முதல் உலகப் போரைப் பார்த்தவர், இந்தப் போரில் இரண்டு மகன்களை இழந்தவர், ஹிட்லர் கட்சியை மனசுக்குள் வெறுப்பவர். அந்த வேடத்தில் குர்ட் யூர்கன்ஸ். கைப்பற்றிய ஆங்கிலேயரின் ரகசியக் குறியீட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. ராடாரில் ஒரு புள்ளி தெரிகிறது, துரத்தல் ஆரம்பிக்கிறது. மீதி ஒன்றரை மணி நேரமும் அந்தத் துரத்தல்தான். நடிகராகப் பேர் வாங்கிய டிக் பவல்தான் தயாரிப்பும் இயக்கமும்.

இரண்டு கேப்டன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கடைசியில்தான். அதுவரை ஒருவருக்கு இன்னொருவர் வெறும் சத்தம். ஆனால் அந்தச் சத்தத்தை வைத்தே எதிரி எப்படிப்பட்ட ஆள் என்று இருவரும் படித்துக்கொண்டே வருகிறார்கள். நீர்மூழ்கி எவ்வளவு வளைந்து நெளிந்து தப்பினாலும், கொஞ்ச நேரத்தில் அதே பழைய திசைக்குத் திரும்புவதை மர்ரெல் கவனிக்கிறார். இந்த ஆளுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, வெறும் வேட்டைக்கு வந்தவர் இல்லை என்று புரிந்துகொள்கிறார். அப்புறம் என்ன செய்கிறார்? வேண்டுமென்றே தன் கப்பலை நேர்க்கோட்டில் ஓட்டுகிறார், சுடுவதற்கு வாகாக. எதிரி குறி கணக்கிட எவ்வளவு நேரம் ஆகும், எப்போது சுடுவார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, சரியான நொடியில் கப்பலைத் திருப்பச் சொல்கிறார். டார்பிடோக்கள் பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்து போகின்றன. அதுவரை அவரை மதிக்காத மாலுமிகள் அந்த நொடியில் மாறுகிறார்கள். கீழே இருப்பவரும் மாறுகிறார். மேலே இருப்பது சாதாரண ஆள் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த மரியாதை அங்கே ஆரம்பித்ததுதான், கடைசிக் காட்சியில் திடீரென்று முளைத்ததில்லை.

இந்தச் சண்டையை எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்பது இதிலேயே தெரிகிறது. ஏனென்றால் அன்றைய நீர்மூழ்கிச் சண்டையே ஊகத்தில் நடந்ததுதான். சோனார் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும், ஏதாவது மேல் பட்டுத் திரும்பினால் எதிரொலி கேட்கும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும் என்பதால், திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் கப்பல் கிட்டே நெருங்க நெருங்க ஒரு சங்கடம்: கடைசி இருநூறு மீட்டர் அளவில், ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கி சோனார் கற்றைக்குக் கீழே நழுவிவிடும். டெப்த் சார்ஜ் எனப்படும் குண்டுகளோ கப்பலின் பின்பக்கத்திலிருந்து விழுபவை. எதிரியின் தலைக்கு மேலே கடந்துபோன பிறகுதான் போட முடியும். போட்டாலும் அவை அந்த ஆழத்துக்கு இறங்கப் பல நொடிகள் ஆகும். ஆகவே மேலே இருக்கும் கேப்டன், கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னும் அரை நிமிடம் கழித்து அவன் எங்கே இருப்பான் என்று ஊகித்துத்தான் குண்டு போட வேண்டும். கீழே இருப்பவருக்கு மேலே ஓடும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். வேகம் கூடினால் தாக்க வருகிறான் என்று அர்த்தம். அப்போது இடமா வலமா, ஏறுவதா இறங்குவதா என்று முடிவெடுப்பதுதான் அவர் உயிர். பேட்டரியில் ஓடும் நீர்மூழ்கிக்கு வேகமும் கிடையாது, நேரமும் கிடையாது. மூச்சுவிடும் காற்றும் எண்ணிக்கையில்தான்.

மர்ரெல் விடாமல் குறிப்பிட்ட இடைவெளியில் குண்டு போட்டுக்கொண்டே இருப்பதும் இதனால்தான். அடித்துக் கொல்வதைவிட, அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைப்பதுதான் அதிகம் வலிக்கும். கீழே ஒரு ஜெர்மன் மாலுமி தாங்க முடியாமல் புத்தி பேதலித்துப்போகிறான். அவனை அமைதிப்படுத்திவிட்டு ஃபான் ஸ்டோல்பெர்க் ஒரு இசைத்தட்டைப் போடச் சொல்கிறார். பழைய டெஸ்ஸவ் அணிவகுப்பு மெட்டு. மூச்சு விட்டாலே காட்டிக்கொடுக்கும் இடத்தில், ஆட்கள் மொத்தமும் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். மேலே சோனார் காதொலியில் அந்தப் பாட்டு கேட்கிறது. தொழில் கணக்குப்படி பார்த்தால் அது முட்டாள்தனம். ஆனால் எப்படியும் தான் இருக்கும் இடம் மர்ரெலுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆட்களின் மனசை மட்டும்தான் காப்பாற்ற முடியும். எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

படத்தில் நீங்கள் பார்க்கும் கப்பல் பொம்மை இல்லை. அது 'வைட்ஹர்ஸ்ட்', பக்லி வகையைச் சேர்ந்த நிஜப் பாதுகாப்புக் கப்பல். 1944 அக்டோபரில் ஐ-45 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. 1945 ஏப்ரல் 12 அன்று ஓகினாவா அருகே ஒரு ஜப்பானியத் தற்கொலை விமானம் அதன் கட்டளை மேடையில் மோதி, அங்கே இருந்தவர்களைக் கொன்றது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே கப்பலின் மேடையில் ராபர்ட் மிச்சம் நின்றுகொண்டு உத்தரவு போடுகிறார். படப்பிடிப்பு நடந்தது அட்லாண்டிக்கில் இல்லை, ஹவாயின் ஓவாஹு தீவை ஒட்டிய பசிபிக்கில். கப்பலின் நிஜ மாலுமிகளே பின்னணியில் ஓடியாடுகிறார்கள். அப்போது அதன் கேப்டனாக இருந்தவர், படத்தில் இயந்திர அதிகாரியாக ஒரு சின்ன வேடத்திலும் வருகிறார். குண்டு வெடித்துத் தண்ணீர் மலைபோல எழும் காட்சிகள் நிஜ வெடிப்புகள். அந்த ஆண்டின் சிறப்பு விளைவுகளுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது, அதுவும் ஒலி விளைவுகளுக்காக, வால்டர் ரோஸி என்பவருக்கு. இரண்டாவது தடவை பார்க்கும்போது நல்ல ஹெட்போன் போட்டுப் பாருங்கள். சோனாரின் 'பிங்' ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நீர்மூழ்கி கடலடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. தென் அட்லாண்டிக்கின் நடுவில் கடலடி பல ஆயிரம் மீட்டர் கீழே. அந்தக் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் இருநூறு சொச்சம் மீட்டரைத் தாண்டினாலே உடம்பு நசுங்க ஆரம்பிக்கும். கதைக்கு ஒரு தரை தேவைப்பட்டது, போட்டுக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் இடமும் ரொம்ப தாராளம். நிஜத்தில் ஐம்பது பேர் ஒரு குழாய்க்குள் வாரக்கணக்கில் குளிக்காமல், ஒருவர் எழுந்த படுக்கையில் இன்னொருவர் படுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். படத்தில் வரும் ஜெர்மானியர்கள் சட்டையில் மடிப்பு கலையாமல் இருக்கிறார்கள். இதெல்லாம் அந்தக் காலத்து ஹாலிவுட் வழக்கம், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது கயிற்றுக்கு வருவோம்.

நாவலை எழுதியவர் டெனிஸ் ரேனர் என்ற ஆங்கிலேயர். அவர் கற்பனையில் கடலைப் பார்த்தவர் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்து, போர் முழுக்க அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போன கேப்டன். 1944 பிப்ரவரியில், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அருகே, அவர் கேப்டனாக இருந்த 'வார்விக்' என்ற டெஸ்ட்ராயரை (வேகமாக ஓடும் காவல் போர்க்கப்பல்) யூ-413 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. ரேனர் தண்ணீரில் குதித்து உயிர் தப்பினார், அவருடைய ஆட்களில் பலர் தப்பவில்லை. நாவல் 1956-ல் வந்தது. அதில் வருவது ஆங்கிலேயக் கப்பல், படம் அதை அமெரிக்கக் கப்பலாக மாற்றிக்கொண்டது. அது சின்ன மாற்றம். பெரிய மாற்றம் கடைசியில். நாவலில் இரண்டு கப்பலும் போன பிறகு, பிழைத்தவர்கள் படகில் இருக்கும்போது, டெஸ்ட்ராயர் கேப்டன் நீர்மூழ்கி கேப்டனை அடிக்கக் கை ஓங்குகிறார். கயிறும் இல்லை, சல்யூட்டும் இல்லை.

எதிரியின் டார்பிடோவால் தன் கப்பலை இழந்து தண்ணீரில் மிதந்த மனிதர், கதையின் முடிவில் வைத்தது ஒரு குத்து. கலிஃபோர்னியாவில் திரைக்கதை எழுதியவர் வைத்தது ஒரு கயிறு. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று எதுவும் கிடையாது என்று நினைக்கிறேன். கொன்று களைத்து, நனைந்து, நண்பர்களை இழந்து ஒரே படகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிடம் முதலில் வெளியே வருவது பெருந்தன்மையாக இருக்காது என்று ரேனருக்குத் தெரிந்திருந்தது.

படத்தின் உச்சக் காட்சியில், டார்பிடோ பட்டுச் சாகக் கிடக்கும் கப்பலில் மர்ரெல் வேண்டுமென்றே தீ மூட்டச் சொல்கிறார். கப்பல் முடிந்துவிட்டது என்று நம்பி நீர்மூழ்கி மேலே வருகிறது. கப்பலை விட்டு இறங்க ஃபான் ஸ்டோல்பெர்க் ஐந்து நிமிடம் அவகாசம் தருகிறார். மர்ரெல் பெரும்பாலான ஆட்களைப் படகில் இறக்கிவிட்டு, மிச்சமிருக்கும் சிலரை வைத்துப் பீரங்கியால் சுட்டு, கப்பலின் முன்முனையை நீர்மூழ்கியின் மேலேயே ஏற்றுகிறார். இது மிகைப்படுத்தல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இதைவிட மூர்க்கமாகவே நடந்திருக்கிறது.

1943 நவம்பர் 1, வட அட்லாண்டிக், கொந்தளிக்கும் கடல், இரவு. 'போரி' என்ற பழைய அமெரிக்க டெஸ்ட்ராயர் யூ-405-ஐ மோதப் போனது. ஒரு பேரலை போரியைத் தூக்கி நீர்மூழ்கியின் மேல்தளத்திலேயே உட்கார வைத்துவிட்டது. இரண்டும் பத்து நிமிட அளவில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. பெரிய பீரங்கிகளைக் கீழே சாய்த்துக் குறிவைக்க முடியாத அளவுக்கு நெருக்கம். துப்பாக்கி, கத்தி, காலியான குண்டு உறை, கையில் எது கிடைத்ததோ அதை வைத்து அடித்துக்கொண்டார்கள். கடைசியில் யூ-405 மூழ்கியது. சில ஜெர்மானியர்கள் ரப்பர் படகுகளில் தப்பினார்கள், அவர்களைத் தூக்கிக்கொள்ள போரி நெருங்கியது. அந்த நேரம் பார்த்து டார்பிடோ வருவதாகத் தெரிந்ததும், போரி சட்டென்று திரும்பி ஓட வேண்டியதாயிற்று. அந்த ரப்பர் படகுகளின் ஊடாகவே ஓடியது. யூ-405-ல் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பொழுது விடிந்து, அன்று மாலை போரியும் தேறாது என்று கைவிடப்பட்டது. குளிர்ந்த தண்ணீரில் அதன் ஆட்கள் 27 பேர் செத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, 1944 மே 6. இடம் கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே. இந்த முறை கப்பல் 'பக்லி', படத்தில் வரும் வைட்ஹர்ஸ்டின் வகைக்கே பெயர் கொடுத்த மூத்த கப்பல். நிலா வெளிச்சத்தில் யூ-66 மேலே மிதந்துகொண்டிருந்தது. பக்லி நேராகப் போய் மேலே ஏறியது. ஜெர்மானியர்கள் சிலர் பக்லியின் முன்தளத்தில் தொற்றி ஏற, கைகலப்பு. அமெரிக்க மாலுமிகள் காபிக் குவளைகளையும் வெற்றுக் குண்டு உறைகளையும் எடுத்து வீசினார்கள். பாய்மரக் காலத்துச் சண்டை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்து நின்ற மாதிரி. முடிந்ததும் பக்லி அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடி, 36 ஜெர்மானியர்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. கொஞ்சம் முன்னால் குவளையால் அடி வாங்கியவர்கள் அதே கப்பலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் கயிற்றுக்கு நிஜத்தில் ஒரு முகம் வேண்டும் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். போரியின் கேப்டனும் காப்பாற்றத்தான் போனார். இன்னொரு நீர்மூழ்கி அருகே இருக்கலாம் என்ற ஒரே சந்தேகம் எல்லாவற்றையும் மாற்றியது. நின்ற கப்பல் நல்ல குறி. தன் ஆட்களின் உயிரைப் பணயம் வைத்து எதிரியின் உயிரைக் காப்பாற்றலாமா என்ற கணக்கைச் சில நொடிகளில் போட வேண்டும். படத்தில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை, ஏனென்றால் மர்ரெலின் கப்பல் ஏற்கனவே போய்விட்டது. இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத இடத்தில்தான் திரைக்கதை அவரைக் கயிறு வீச வைக்கிறது.

சரி, ஜெர்மன் கேப்டன்? எனக்கு மனசு ஒப்பாதது இங்கேதான். ஃபான் ஸ்டோல்பெர்க் சுவரில் இருக்கும் ஹிட்லர் துதி வாசகத்தைத் துணியால் மறைக்கிறார். தன் நண்பரும் அதிகாரியுமான ஹைனியிடம், இந்தப் போரில் மனிதனுக்கு இடமில்லாமல் போய்விட்டது, ஜெயித்தாலும் நினைவுகள் அசிங்கமாகத்தான் இருக்கும் என்கிறார். யூர்கன்ஸ் அதைச் சொல்லும் விதம் அருமை. ஆனால் அந்த வாசகத்தை மறைப்பதற்கு அன்றைக்கு என்ன விலை என்று படம் சொல்வதில்லை. நிஜத்தில் அதே காரியத்தைச் செய்த ஒரு நீர்மூழ்கி கேப்டன் இருந்தார். ஆஸ்கர் குஷ், யூ-154-ன் கேப்டன், இருபதுகளின் நடுவில் வயது. கப்பலில் மாட்டியிருந்த ஹிட்லர் படத்தை எடுக்கச் சொன்னார், இங்கே உருவ வழிபாடு வேண்டாம் என்று. அவருடைய கப்பலிலேயே அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி அவர்மேல் புகார் எழுதினார். 1944 ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. மே 12 அன்று கீல் நகரில் சுட்டுக் கொன்றார்கள். பக்லி 36 பேரைக் காப்பாற்றி ஆறே நாள்.

படத்தில் ஃபான் ஸ்டோல்பெர்க்கை யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. கட்சிப் பைத்தியமாக ஒரே ஒரு இளைஞனைக் காட்டுகிறார்கள், அவனையும் எரிச்சலோடு பார்ப்பதோடு சரி. மற்றவர்கள் எல்லோரும் நல்ல ஜெர்மானியர்கள். 1957-ல் இப்படி ஒரு படம் வர ஒரு காரணம் இருந்தது. மேற்கு ஜெர்மனி 1955-ல்தான் நேட்டோவில் சேர்ந்திருந்தது, அடுத்த ஆண்டு அதற்கு மறுபடியும் ஒரு கடற்படை வந்தது. நேற்றைய எதிரி இன்றைய கூட்டாளி. அவனை மதிக்கத்தக்க மனிதனாகப் பார்க்கும் ஆசை அமெரிக்காவிலும் இருந்தது, ஜெர்மனியிலும் இருந்தது. ஆனால் நடிகர்களின் வாழ்க்கை இந்த ஆசைக்கு ஒரு கனம் சேர்க்கிறது. யூர்கன்ஸையே 1944-ல் நாஜி அரசு அரசியல் ரீதியாக நம்பத் தகாதவர் என்று சொல்லி முகாமில் அடைத்திருந்தது. ஹைனியாக நடித்த தியோடர் பிக்கெல், வியன்னாவில் பிறந்த யூதர். சிறுவனாக இருந்தபோது 1938-ல் குடும்பத்தோடு தப்பி ஓடியவர். அந்த யூத அகதி ஜெர்மன் கடற்படைச் சீருடை போட்டுக்கொண்டு, அந்தப் படத்தின் மிக அன்பான மனிதராக நடித்திருக்கிறார். ஹைனியைத் தோளில் தாங்கிக்கொண்டு ஃபான் ஸ்டோல்பெர்க் நிற்கும் காட்சியை இது தெரிந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

முதல் உலகப் போரில் கடற்போர் கண்ணியமாக இருந்தது என்ற ஏக்கம் ஃபான் ஸ்டோல்பெர்க்குக்கு இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனின் பெயர் நம் பேச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், சரக்குக் கப்பல்களைப் பிடித்தால் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். எதிரிகளே அவரைப் பாராட்டினார்கள். ஆனால் அடுத்த வருடமே, 1915 மே 7 அன்று, ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்து 1,198 பேர் இறந்தார்கள். கண்ணியம் ஒரு காலத்தின் சொத்தாக என்றைக்கும் இருந்ததில்லை. முல்லர் என்ற ஒரு ஆளிடம் இருந்தது, அவ்வளவுதான். ஃபான் ஸ்டோல்பெர்க் தான் சின்ன வயதில் இருந்த காலத்தை நினைத்து ஏங்குகிறார், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்கு நிஜமான பதில் இருக்கும் இடம் படம் நடக்கும் அதே தென் அட்லாண்டிக்தான். 1942 செப்டம்பர் 12 இரவு, யூ-156-ன் கேப்டன் வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன் 'லாகோனியா' என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். அதில் ஏறக்குறைய 2,700 பேர். பெண்கள், குழந்தைகள், கூடவே 1,800 அளவில் இத்தாலியப் போர்க் கைதிகள், அதாவது ஜெர்மனியின் கூட்டாளிகள். தண்ணீரில் இத்தாலிய மொழியில் கூக்குரல் கேட்ட பிறகுதான் அவர் மீட்கவே ஆரம்பித்தார், இதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆரம்பித்த பிறகு யார் எந்த நாடு என்று பார்க்கவில்லை. நீர்மூழ்கியின் உள்ளேயும் மேல்தளத்திலும் நூறு நூறாக ஏற்றிக்கொண்டார், மற்றவர்களைப் படகுகளில் வைத்துக் கட்டி இழுத்தார். வெளிப்படையாக ஆங்கிலத்தில் வானொலியில் அறிவித்தார்: உதவ வருபவர்கள் யாராக இருந்தாலும், என்னைத் தாக்காதவரை நான் தாக்க மாட்டேன். பீரங்கி மேல் செஞ்சிலுவைக் கொடியைப் போர்த்தினார். செப்டம்பர் 16 அன்று, அசென்ஷன் தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானம் குண்டு போட்டது. படகில் இருந்தவர்கள் பலர் செத்தார்கள். ஹார்ட்டென்ஸ்டைன் ஏற்றியவர்களை இறக்கிவிட்டு மூழ்க வேண்டியதாயிற்று. அப்புறம் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து எடுத்ததில், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் பிழைத்தார்கள்.

விமானம் குண்டு போட்டதற்கு அடுத்த நாள் ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு போட்டார்: மூழ்கும் கப்பலின் ஆட்களை மீட்கும் எந்த முயற்சியும் இனிமேல் கூடாது. கயிறு வீசுவதே உத்தரவை மீறுவது என்றாகிவிட்டது. போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நூரம்பெர்க் விசாரணையில் இந்த உத்தரவு வந்தபோது, அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்துமூலம் சாட்சி சொன்னார். பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் முதல் நாளிலிருந்தே கட்டுப்பாடில்லாத போர்தான் நடத்தின, தங்களுக்கு ஆபத்து என்றால் எதிரிகளை மீட்பதில்லை என்று. தன் தரப்பைப் பற்றி அவர் அப்படி ஒளிக்காமல் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1944 மார்ச்சில் அதே தென் அட்லாண்டிக்கில் யூ-852, 'பெலியஸ்' என்ற கிரேக்க சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. மிதக்கும் சிதைவுகள் விமானத்தின் கண்ணில் பட்டால் தான் மாட்டிக்கொள்வோம் என்று, கேப்டன் எக் அவற்றைச் சுட்டு அழிக்கச் சொன்னார். அவற்றைப் பற்றிக்கொண்டு மனிதர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர் மட்டும் பிழைத்து வந்து சாட்சி சொன்னார்கள். 1945 நவம்பரில் எக்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஹார்ட்டென்ஸ்டைனும் எக்கும் ஒரே படை, ஒரே வகைப் பயிற்சி, ஒரே கடல். நடுவில் வெறும் ஒன்றரை வருடம்.

படத்தின் கடைசிக் காட்சியில் இரண்டு கேப்டன்களும் ஒரு கப்பலின் பின்தளத்தில் நிற்கிறார்கள். ஹைனியின் உடலைக் கடலில் இறக்கியாகிவிட்டது. ஃபான் ஸ்டோல்பெர்க், நான் எத்தனையோ தடவை செத்திருக்க வேண்டும், எப்படியோ பிழைத்துக்கொண்டே இருக்கிறேன், இந்த முறை அதற்கு நீங்கள்தான் காரணம் என்கிறார். தெரியாமல் செய்துவிட்டேன், அடுத்த முறை கயிறு வீச மாட்டேன் என்கிறார் மர்ரெல். வீசுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன் என்கிறார் ஃபான் ஸ்டோல்பெர்க். சிகரெட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஹார்ட்டென்ஸ்டைனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1943 மார்ச் 8 அன்று, பார்படோஸுக்குக் கிழக்கே, ஓர் அமெரிக்க கேட்டலினா விமானம் யூ-156-ஐக் குண்டு போட்டு மூழ்கடித்தது. தண்ணீரில் சிலர் மிதப்பதை விமானத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். தாங்கள் சற்றுமுன் மூழ்கடித்த எதிரிகளுக்கு ஒரு ரப்பர் படகையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் கீழே போட்டார்கள். ஐந்து பேர் நீந்திப்போய் அந்தப் படகில் ஏறியதையும் பார்த்தார்கள். 'பார்னி' என்ற அமெரிக்க டெஸ்ட்ராயர் அவர்களைத் தேடிப் போனது. மார்ச் 12 வரை தேடியது. யாரும் கிடைக்கவில்லை.